கண்டெய்னரில் ஏறிய ரோபோ கடை ஷெல்ஃபுக்கு ஏன் வருவதில்லை?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கத்திலிருந்து ஷூ சோல், பக்கிள், மெஷின் வாங்க குவாங்சோ போய் வருபவர்கள் நிறைய பேர் என் கிளையன்ட்ஸ். அவர்களிடமிருந்து ஒரே மாதிரி கேள்வி அடிக்கடி வருகிறது. "சார், அங்கே உருமாறும் ரோபோ பொம்மை அருமையா கிடைக்குது. இங்க கலெக்ட் பண்ற பசங்க டபுள் ரேட் கொடுக்க ரெடி. எப்படியும் சோல் கண்டெய்னர் வருது, அதுல ஒரு முந்நூறு பீஸ் போட்டுக்கலாமா?"

போடாதீங்க. ஏன் என்பதுதான் இந்தப் பதிவு. வீடியோவில் இதை ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டேன். கணக்கை எழுத்தில் கேட்டவர்களுக்காக இங்கே விரிவாக.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை எடுத்துவிடலாம். "இந்த மாடல் இந்தியாவுக்கு வரல"ன்னா கம்பெனிக்கு நம்ம மேல அக்கறை இல்லை, அல்லது கடைக்காரருக்கு ரசனை இல்லை என்று கலெக்டர்கள் நினைக்கிறார்கள். பெரும்பாலும் காரணம் அது இல்லை. பொம்மைக்கும் ஷெல்ஃபுக்கும் நடுவில் ஒரு முத்திரை, ஒரு வரி விகிதம், ஒரு சின்ன எண்ணிக்கை, இந்த மூன்றும் நிற்கின்றன.

முத்திரையிலிருந்து ஆரம்பிப்போம். 2020 பிப்ரவரியில் மத்திய அரசு பொம்மைகளுக்கான தரக்கட்டுப்பாட்டு ஆணையை வெளியிட்டது. 2021 ஜனவரி 1 முதல் அது அமலில் இருக்கிறது. 14 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகள் விளையாடும் எந்தப் பொம்மையும், உள்நாட்டில் செய்ததோ வெளிநாட்டிலிருந்து வந்ததோ, பிஐஎஸ் உரிமம் பெற்ற தொழிற்சாலையில் தயாராகி ஐஎஸ்ஐ முத்திரையோடு இருந்தால்தான் இங்கே விற்க முடியும். சாதா பொம்மைக்கு ஐஎஸ் 9873, கரன்ட் அல்லது பேட்டரியில் ஓடுவதற்கு ஐஎஸ் 15644.

இங்கே நன்றாகக் கவனிக்க வேண்டியது, உரிமம் பிராண்டுக்குக் கிடையாது. தொழிற்சாலைக்கு. உலகப் புகழ்பெற்ற கம்பெனியாகவே இருக்கட்டும், அந்த ரோபோ எந்த ஃபேக்டரியில் வார்க்கப்பட்டதோ அந்த ஃபேக்டரிக்கு உரிமம் இல்லையென்றால் முத்திரை கிடையாது. கலெக்டர் ரோபோக்கள் பெரும்பாலும் சீனாவிலும் வியட்நாமிலும் தயாராகின்றன. வெளிநாட்டு ஃபேக்டரிக்கு உரிமம் வேண்டுமென்றால் விண்ணப்பம், சாம்பிள் டெஸ்ட், பிஐஎஸ் அதிகாரி நேரில் போய் ஆய்வு, அதற்கான பயணச் செலவு, இந்தியாவில் ஒரு அங்கீகரிக்கப்பட்ட பிரதிநிதி, கூடவே 10,000 அமெரிக்க டாலருக்கு வங்கி உத்தரவாதம். நம்ம ரூபாயில் எட்டு லட்சத்துக்கு மேல்.

இப்போ உங்கள் முந்நூறு பீஸை அந்த ஃபேக்டரி முதலாளி கண்ணால் பாருங்கள். பீஸ் ₹2,000 என்றால் மொத்த ஆர்டரே ₹6 லட்சம். அதற்காக அவர் எட்டு லட்சத்துக்கு கேரன்டி கட்டுவாரா? லட்சக்கணக்கில் போகும் சாதா பொம்மைக்குக் கட்டுவார். வருஷத்துக்கு ஒரு தடவை, சில ஆயிரம் பீஸ் மட்டும், அதுவும் உலகம் முழுக்கப் பிரித்துக் கொடுக்கும் கலெக்டர் மாடலுக்குக் கட்ட மாட்டார். நிறைய மாடல்கள் நம்ம கடைக்கு வராததற்கு எனக்குத் தெரிந்து முதல் காரணம் இதுதான்.

சில சப்ளையர்கள் சாமர்த்தியமாக, "நீங்களே எங்க இந்தியப் பிரதிநிதியா இருங்க, லைசென்ஸ் எடுக்கிறோம்" என்பார்கள். கேட்க மரியாதையாக இருக்கும். ஆனால் அந்தக் கையெழுத்தைப் போட்டால், அந்த ஃபேக்டரி இந்தியாவில் சட்டத்தைப் பின்பற்றுகிறதா என்பதற்கு நீங்கள் பொறுப்பு. அந்த ஃபேக்டரி வேறு யாருக்கு என்ன அனுப்புகிறது என்று வாணியம்பாடியில் உட்கார்ந்து உங்களுக்கு எப்படித் தெரியும்?

"இதெல்லாம் சும்மா பொம்மைக்கு இவ்வளவு கெடுபிடியா?" என்று கேட்பவர்களுக்கு: இந்தக் கேள்வியைக் கேட்க நம்ம ஊருக்குத்தான் உரிமை கம்மி. 1989 கடைசியில் ஜெர்மனி பிசிபி என்ற ரசாயனத்தைத் தடை செய்தபோது அதன் அடி தமிழ்நாட்டுத் தோல் ஏற்றுமதி மேலும் விழுந்தது. அடுத்து 1994-ல் சில அசோ சாயங்கள். 2015 மே 1 முதல் ஐரோப்பாவில் தோலில் குரோம் சிக்ஸ் கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நம்ம டேனரிகள் டெஸ்ட் ரிப்போர்ட் இல்லாமல் ஒரு பேலட் அனுப்புவதில்லை. பொம்மைத் தரமும் அதே வகைதான். வாயில் வைக்கும் குழந்தைக்காக, பெயின்டிலிருந்து வெளியேறும் காரீயம் கிலோவுக்கு 90 மில்லிகிராம் வரை, பிளாஸ்டிக்கை மெதுவாக்கும் தாலேட் தனியாக, கழன்று வரும் சின்ன பாகங்கள் தனியாக. நாம் ஜெர்மனிக்கு நிரூபிப்பதைத்தான் இப்போ சீன ஃபேக்டரி நமக்கு நிரூபிக்க வேண்டியிருக்கிறது. (இதில் உள்நாட்டுத் தொழிலைப் பாதுகாக்கும் நோக்கமும் கலந்திருக்கிறது, மறுக்கவில்லை.)

சரி, முத்திரை இருக்கிற பொம்மையே கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். வரிக்கு வருவோம். பொம்மைக்கு அடிப்படை சுங்க வரி 2020 பட்ஜெட்டுக்கு முன்பு 20%. அந்த பட்ஜெட்டில் 60% ஆனது. 2023-ல் 70%. முந்நூறு பீஸ், சென்னை வந்து சேரும் விலை ₹6 லட்சம். சுங்க வரி ₹4,20,000. ஆக ₹10,20,000. இதன் மேல் ஐஜிஎஸ்டி. சாதா பொம்மைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5%, அதாவது ₹51,000. கண் எரிகிற, சத்தம் போடுகிற ரோபோ என்றால் எலக்ட்ரானிக் பொம்மை, 18%, ₹1,83,600. செஸ், சர்சார்ஜ் போன்றவற்றை பில் ஆஃப் என்ட்ரி போடும் அன்று உங்கள் சிஎச்ஏ-விடம் உறுதி செய்துகொள்ளுங்கள், இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை.

ஐஜிஎஸ்டி உங்களுக்கு இன்புட் கிரெடிட்டாகத் திரும்பி வரும். சுங்க வரி வராது. அது முழுக்க அடக்க விலை. ஆக ₹2,000 பொம்மை, துறைமுகத்தைத் தாண்டும்போதே ₹3,400. சிஎச்ஏ, லாரி, குடோன் சேர்த்து ₹3,600 என்று வையுங்கள். கடைக்காரர் விற்பனை விலையில் 30% எதிர்பார்ப்பார். ₹5,143. ஜிஎஸ்டி சேர்த்து ₹5,400. இதில் உங்கள் லாபம் எங்கே? இன்னும் போடவே இல்லை! இதே பொம்மையை துபாயிலிருந்து வரும் மச்சான் பெட்டியில் கொண்டுவந்தால் என்ன விலை என்று வாங்குகிறவருக்குத் தெரியும். அந்த விலையில் ஷெல்ஃபில் வைத்தால் அது ஷெல்ஃபிலேயே இருக்கும் என்று கடைக்காரருக்கும் தெரியும். பெரிய கடைகள் ஆர்டரே போடாததன் கணக்கு இவ்வளவுதான்.

இப்போ "ஆனா சார்" பகுதி.

"பெட்டியில 15 வயசுக்கு மேல்னு போட்டிருக்கு, அப்போ அது பொம்மையே இல்லையே?" நல்ல வாதம். ஆனால் ஆணையில் உள்ள விளக்கம், குழந்தைகளுக்காக "மட்டுமே" செய்தது என்று சொல்லவில்லை. மட்டுமே என்றாலும் இல்லாவிட்டாலும், 14 வயதுக்குக் கீழ் உள்ளவர் விளையாடுவதற்காகத் தெளிவாக வடிவமைத்த பொருள் என்கிறது. கையில் எடுத்துத் திருப்பினால் லாரியாக மாறும் ரோபோவை அதிகாரி மேஜையில் வைத்து "இது விளையாட இல்லை, ரசிக்க" என்று வாதாடுவதை யோசித்துப் பாருங்கள். வாதத்தில் ஜெயித்தாலும், ஜெயிக்கும்வரை டெமரேஜ் ஓடும்.

"ஷோபீஸ்னு டிக்ளேர் பண்ணிடலாமே?" இதுதான் என்னைப் பயப்பட வைக்கும் கேள்வி. சுங்கச் சட்டத்தின் 111-வது பிரிவில் தடைக்கு உட்பட்ட சரக்கைக் கொண்டுவந்தாலும் பறிமுதல், தப்பாக டிக்ளேர் செய்தாலும் பறிமுதல். 112-ல் அபராதம் தனி. பறிமுதலான பொருளை ஃபைன் கட்டி மீட்கலாம் என்று சிலர் சொல்வார்கள். தடைசெய்யப்பட்ட சரக்குக்கு அந்த வாய்ப்பைக் கொடுப்பதா வேண்டாமா என்பது அதிகாரியின் முடிவு. கடைவரை வந்துவிட்டாலும் பிஐஎஸ் சட்டம் 2016-ன் 29-வது பிரிவு இருக்கிறது: முதல் தடவையே குறைந்தது ₹2 லட்சம் அபராதம் அல்லது இரண்டு வருடம் வரை சிறை. சும்மா புத்தகத்தில் இருக்கும் சட்டம் இல்லை. 2023 ஜனவரியில் மால்களிலும் விமான நிலையக் கடைகளிலும் நடந்த சோதனைகளில் ஒரே மாதத்தில் 18,600 பொம்மைகள் பிடிபட்டன.

ஆனால் நம்ம பெல்ட்டில் உள்ளவருக்கு உண்மையான ஆபத்து அந்த ₹6 லட்சம் இல்லை. ஐஇசி ஒரு பேன் நம்பருக்கு ஒன்றுதான். நீங்கள் ஷூ ஏற்றுமதி செய்யும் அதே ஐஇசி-யில்தான் இந்தப் பொம்மையும் வருகிறது. அதில் ஒரு கேஸ் பதிவானால் அடுத்தடுத்த சரக்குகள் திறந்து பார்க்கப்படும். சோல் கண்டெய்னருக்குள்ளேயே பொம்மையை வைத்தால் இன்னும் மோசம். பொம்மைக்குப் பதில் சொல்லும்வரை சோலும் உள்ளே. சோல் இல்லாமல் லைன் நிற்கும், ஷிப்மென்ட் தேதி தவறும், பையர் ஏர்-ஃப்ரைட்டில் அனுப்பச் சொல்வார், அந்தச் செலவு உங்கள் தலையில். இருபது வருஷமாகக் கட்டிய பையர் உறவை முந்நூறு ரோபோவுக்காக அடகு வைக்கிறீர்கள்.

வேறு ஒரு வகையும் உண்டு. பெரிய பிராண்டின் அனுமதி இல்லாமல், அதே சாயலில் செய்யும் ரோபோக்கள். கலெக்டர்களிடம் இவற்றுக்கு நல்ல மதிப்பு. ஆனால் பிராண்ட்காரர் தன் உரிமையை சுங்கத் துறையில் பதிவு செய்து வைத்திருந்தால், 2007 விதிகளின்படி சரக்கை அங்கேயே நிறுத்தலாம். ப்ளூடூத், ரிமோட் உள்ள ரோபோவுக்கு வயர்லெஸ் அனுமதி தனியாக வேண்டும்.

விற்க அல்ல, ஆசைக்கு வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. இன்ஸ்டாகிராமில் "ப்ரீ-ஆர்டர், 50% அட்வான்ஸ்" என்று கேட்பவருக்கு யுபிஐ-யில் பணம் போடுமுன், ஜிஎஸ்டி பில் தருவாரா என்று கேளுங்கள். பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்ஆர்பி, தயாரான நாடு இருக்க வேண்டும். ஐஎஸ்ஐ முத்திரைக்குக் கீழே இருக்கும் சிஎம்/எல் எண்ணை "பிஐஎஸ் கேர்" ஆப்பில் போட்டால் எந்த ஃபேக்டரி என்று காட்டும். இதில் எதுவுமே இல்லாமல் "கஸ்டம்ஸில் மாட்டிக்கிச்சு அண்ணா" என்று மூன்று மாதம் கழித்து மெசேஜ் வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். அது பொய்யாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

வாங்கியதை விற்றால் வருமான வரி? சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த பொருள் மூலதனச் சொத்தில் சேராது, நகை, ஓவியம் போன்ற விதிவிலக்குகளைத் தவிர. அலமாரியில் இருந்த ஒரு ரோபோவை விற்றதற்கு யாரும் கேட்கப் போவதில்லை. பெட்டி பிரிக்காத பத்து பீஸ், மாதாமாதம் விற்பனை என்றால் அது வியாபார வருமானம். ரிட்டர்னில் காட்டுங்கள்.

அப்போ பொம்மையில் காசே இல்லையா? இருக்கிறது, திசை மாறி. 2018-19-ல் சுமார் 37 கோடி டாலராக இருந்த நம் பொம்மை இறக்குமதி 2021-22-ல் 11 கோடி டாலருக்கு இறங்கியது. அதே காலத்தில் ஏற்றுமதி 20 கோடியிலிருந்து 32 கோடிக்கு மேல் ஏறியது. வேலூரிலிருந்து அரை மணி நேரத்தில் ராணிப்பேட்டை. எம்ஆர்எஃப் குழுமத்தின் ஃபன்ஸ்கூல் பொம்மை ஆலை அங்கேதான் இருக்கிறது. டை, மோல்டு, பேக்கிங், டெஸ்ட் ரிப்போர்ட் என்று ஷூ தொழிலில் நீங்கள் தினமும் தொடும் விஷயங்கள்தான் அந்தத் தொழிலுக்கும் வேண்டும். குவாங்சோவில் ரோபோ பார்த்து ஆசைப்பட்டவர்கள், அதற்குப் பதிலாக ஒரு பொம்மை ஆலைக்கு என்னென்ன பாகம் வெளியிலிருந்து தேவைப்படுகிறது என்று ஒரு நாள் விசாரித்துவிட்டு என்னிடம் வாருங்கள். அந்தக் கணக்கை உட்கார்ந்து போட நான் ரெடி.