குழாயடிக் கல்வி

“ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது” என்பது நம் முன்னோர் மொழி. பள்ளி நாளில் இதனைப் பலமுறை எழுதியிருந்தும், இதன் பொருளை யான் உணர்ந்தது எங்கள் அடுக்களைக் குழாயடியிலேயாம். குழாயடி என்றவுடன் சண்டையே நினைவிற்கு வருதல் இயல்பு. அவ்விடம் கல்விச்சாலையும் ஆகக்கூடும் என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

என் தந்தையார் குழாய் வேலை செய்பவர். “உன் அப்பாவிற்கு என்ன வேலை?” என்று பள்ளித் தோழர் வினவுங்கால், “கட்டட வேலை” என்று கூறி மழுப்பிவிடுவேன்; ‘பிளம்பர்’ என்று சொல்ல நாணினேன். என் தங்கை எட்டாம் வகுப்பு மாணவி. வட்டத்தின் பரப்பைக் காணும் சூத்திரத்தை உறக்கத்திலும் ஒப்பிப்பாள். வினா சிறிது மாறிவரின் திகைத்து நிற்பாள். கணக்கில் இருமுறை தவறிய அவளுக்குக் கற்பிக்கும் பொறுப்பு என்பால் வந்தது. யானும் அச்சூத்திரத்தையே திரும்பத் திரும்பக் கூறினேன். பயன் யாதும் விளைந்திலது.

சென்ற கோடை விடுமுறையில் அடுக்களைக் குழாய் சொட்டத் தொடங்கிற்று. தந்தையார் தங்கையை அழைத்து, “சரி பண்ணுவதற்கு முன்னே, எவ்வளவு தண்ணீர் வீணாகிறதென்று அளந்து சொல்லம்மா” என்றார். அவள் கடிகாரமும் மருந்தளக்கும் குப்பியுமாக அமர்ந்தாள். நொடிக்கு ஒரு சொட்டு வீழ்ந்தது. 20 சொட்டு ஒரு மில்லிலிட்டர் ஆயிற்று. எனவே மணிக்கு 180 மில்லிலிட்டர். நாளொன்றுக்கு 4 லிட்டருக்கு மேல். ஆண்டொன்றுக்கு 1,500 லிட்டருக்கும் அதிகம். தான் போட்ட கணக்கைத் தானே நம்பாது, இருமுறை சரிபார்த்தாள். பின்னர் வால்வை மூடிக் குழாயைக் கழற்றித் தேய்ந்த வாஷரை மாற்றியவளும் அவளே.

மறுநாள், ஒன்றன் உள்விட்டம் மற்றதன் இருமடங்காகிய இரு குழாய்த் துண்டுகளை அவர் அவள்முன் வைத்து, “பெரியதன் வாய் சிறியதைப்போல் எத்தனை மடங்கு?” என்று கேட்டார். “இரண்டு மடங்கு” என்றாள். அவர் மறுத்திலர், கட்டத்தாளில் இரண்டின் உள்வாயையும் வரைந்து கட்டங்களை எண்ணுமாறு கூறினார். ஏறக்குறைய நான்கு மடங்கு வந்தது! விட்டம் இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்காகும் என்னும் உண்மையை அன்று அவள் கண்ணாற் கண்டாள்.

இயற்பியலும் இவ்வாறே வந்தது. மாடிக் குழாயில் நீர் மெல்ல வருதலும், கீழ்வீட்டுக் குழாயில் விசையுடன் வருதலும் ஏன்? “தொட்டியைப் பெரிதாக்கினால் மாடியிலும் வேகமாக வரும்” என்பது தங்கையின் எண்ணம். நீரின் அழுத்தம் தொட்டியின் அகலத்தைப் பொறுத்ததன்று. நீர்மட்டத்தின் உயரத்தைப் பொறுத்தது. 10 மீட்டர் உயர நீர், சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ எடையளவு அழுத்தும். தொட்டியை அகலப்படுத்துவதினும் உயர்த்திவைத்தலே வழி என்பதை அவள் தானே சொல்லிவிட்டாள்.

தமிழ் மாணவனாகிய எனக்கும் அங்கே பாடம் இருந்தது. குழல், குழாய், குழி என்னும் சொற்களின் உறவைக் கையிற் குழாயுடன் எண்ணியபோது தெளிந்தேன். தூம்பு, சுருங்கை எனப் பழநூல்களிற் படித்த நீர்வழிப் பெயர்கள் உயிர்பெற்றன. ‘பிளம்பர்’ என்னும் ஆங்கிலச் சொல்லோ, காரீயத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்று பிறந்தது. உரோமர் காரீயக் குழாய்களில் நீர் கொணர்ந்தனர். காரீயம் நஞ்சென்பதையும் சேர்த்துரைப்பின், ஒரு சொல்லில் மொழியும் வரலாறும் வேதியியலும் அடங்கிவிடுகின்றன அன்றோ?

இஃது புதுமையன்று. 1896-இல் சிகாகோவில் ஜான் டூயி தொடங்கிய பள்ளியிற் சிறுவர் சமைத்தும் நெய்தும் மரவேலை செய்தும் பாடம் கற்றனர். 1937-இல் வார்தாவில் காந்தியடிகள் வற்புறுத்திய ஆதாரக் கல்வியும் கைத்தொழிலை நடுவாகக் கொண்டதே.

“பிள்ளைகளைக் குழாய் வேலைக்கா அனுப்புவது?” எனச் சிலர் வினவலாம். வேலையை மட்டும் ஏவிக் கேள்வி கேளாதுவிடின் அவ்வச்சம் நியாயமே. வாஷர் மாறும், அறிவு மாறாது. ‘ஏன்? எவ்வளவு?’ என்னும் இரு வினாக்களே வேலையைப் பாடமாக்குவன. மோட்டாரின் மின்கம்பியைச் சிறுவர் தீண்டலாகாது. குழாய் ஒட்டும் பசையைக் காற்றோட்டமுள்ள இடத்திலேயே கையாளவேண்டும். இவ்விரண்டும் காக்கப்படின் வேறு தடையில்லை.

தங்கை காலாண்டுத் தேர்வில் தேறினாள். அதனினும் பெரிய பயன் என்னைச் சார்ந்தது. எட்டாம் வகுப்பிற்குமேற் படியாத என் தந்தையார், யான் தோற்ற இடத்தில் நல்லாசிரியராய் நின்றதைக் கண்டேன். இவ்வாண்டுக் கல்லூரி விண்ணப்பத்தில் ‘தந்தையின் தொழில்’ என்ற இடத்திற் ‘குழாய் வேலை’ என்று தெளிவாக எழுதினேன்.

நண்பர்காள்! நம்முள் ஆசிரியராகவிருப்பார் பலர். சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதுமுன், மாணாக்கன் வீட்டில் ஒழுகும் குழாய் உண்டோ என்று ஒருமுறை கேளுங்கள்.