விடுதலையின் மூன்று வினாக்கள்

விடுதலை என்றவுடன் அரசுரிமை ஒன்றையே பலரும் கருதுவர். ஆயின் ஆராய்ந்து நோக்குங்கால் அதனுள் மூன்று வினாக்கள் அடங்கியிருத்தலைக் காண்கின்றோம். நம்மைத் தடுப்பவர் உளரோ? நம்மை ஆளும் அதிகாரம் எவரிடத்து உளது? கிடைத்த உரிமையைக் கையாள நமக்கு வழி உண்டோ? முதலிரண்டும் வெவ்வேறு என்பதை ஐசாயா பெர்லின் 1958இல் ஆக்ஸ்போர்டில் ஆற்றிய பேருரையில் விளக்கினார். மூன்றையும் ஒருங்கே அறிய மைசூர் வரலாறு துணை செய்யும்.

ஐம்பதாண்டுகள் ஆங்கிலேயர் ஆட்சியிலிருந்த மைசூர், 1881இல் உடையார் மரபினர்க்குத் திரும்பியது. அவ்வாண்டே திவான் ரங்காச்சார்லு பிரதிநிதி சபையைத் தோற்றுவித்தார். தசராவையொட்டிக் கூடிய முதற்சபையில் 144 பேர் அமர்ந்தனர். குறைகளை எடுத்துரைக்க அவர்களுக்குத் தடையில்லை. தீர்மானிக்கும் அதிகாரமோ இல்லை.

மூன்றாம் வினா 1918இல் எழுந்தது. அரசாங்க உத்தியோகங்கள் பெரும்பாலும் பிராமணர் வசமிருந்தமையால், ஏனைய வகுப்பினர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரிடம் முறையிட்டனர். தலைமை நீதிபதி லெஸ்லி மில்லர் தலைமையில் ஒரு குழு அமைந்தது. தகுதி ஒன்றே அளவுகோலாதல் வேண்டுமென்றனர் ஒரு சாரார். திவான் விசுவேசுவரய்யாவின் கருத்தும் அதுவே. கல்வி எட்டாதவனுக்குத் திறந்த கதவும் மூடிய கதவே என்றனர் மறு சாரார். ஏழாண்டிற்குள் உயர்பதவிகளிற் பாதிக்குக் குறையாமல் பிற்பட்டோர்க்கு அளிக்குமாறு குழு பரிந்துரைத்தது. தடையை நீக்கினால் மட்டும் போதாது, ஏறுவதற்கு ஏணியும் வேண்டும் என்பதே இதன் கருத்து.

1947 ஆகஸ்டில் பாரதம் விடுதலை பெற்ற பின்னரும் மைசூரில் பொறுப்பாட்சி ஏற்படவில்லை. 'மைசூர் சலோ' என மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அக்டோபரில் கே. சி. ரெட்டி தலைமையில் மக்கள் அமைச்சரவை அமைந்தது. இரண்டாம் வினாவிற்கு அன்றே விடை கிடைத்தது.

ஆயினும் வாக்கில் சமத்துவமும் வாழ்வில் ஏற்றத்தாழ்வும் நெடுநாள் சேர்ந்திருப்பின் மக்களாட்சிக்கே கேடாம் என்று டாக்டர் அம்பேத்கர் 1949 நவம்பர் 25இல் அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்தார். அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 15ஆம் பிரிவு பொதுக் கிணற்றையும் குளத்தையும் சாதி காரணமாக எவர்க்கும் மறுத்தலாகாது என்றது. சட்டம் திறந்த கிணற்றை அயலாரின் முகச்சுளிப்பு மீண்டும் மூடிவிடக் கூடும். அரசியல் விடுதலையைப் பறிப்பது அரசு. சமூக விடுதலையைப் பறிப்பவரோ நம்முள்ளேயே இருக்கின்றனர்.

ஆகவே ஊரின் விடுதலையை அளக்க விரும்புவோர் மேலிருப்போரை வினவ வேண்டா. கடைநிலையில் உள்ளவன் அஞ்சாது நீர் மொள்ளுகின்றானா, அவன் மகள் கல்வி முடித்துப் பதவி ஏறுகின்றாளா என்று நோக்குவோமாக. அவ்விரண்டிற்கும் ஆம் என்னும் விடை வரும்வரை நம் விடுதலை குறையுடையதே.