கணினிப் பாகங்கள் வாங்குதல்: வணிகப்பெயரையும் விலையையும் சீர்தூக்கிப் பார்க்கும் முறை

இன்றைய குடும்பங்களில் கணினி ஓர் ஆடம்பரப் பொருளன்று. பிள்ளைகளின் பாடசாலை ஒப்படைகள், வேலைக்கான விண்ணப்பங்கள், அரசாங்கக் கொடுப்பனவுகளுக்கான இணையக் கணக்குகள், தாயகத்திலுள்ள உறவுகளுடனான உரையாடல்கள் ஆகிய அனைத்தும் அதனையே நம்பியுள்ளன. பழைய கணினியைப் புதிய பாகங்களால் மேம்படுத்துவதும், பாகங்களைத் தனித்தனியே வாங்கிப் பொருத்துவதும் செலவைக் குறைக்கும் நல்ல வழிகளாகும். ஆனால், பரீட்சைக் காலத்தில் ஒரு பாகம் பழுதடையுமாயின் ஏற்படும் இழப்பு, அப்பாகத்தின் விலையை விடப் பன்மடங்கு பெரியது.

பாகங்கள் வாங்குவோரிடையே இரண்டு கருத்துகள் நிலவுகின்றன. பெரிய பெயருள்ள பொருளை வாங்கினால் கவலையில்லை என்பது ஒன்று. எல்லாம் ஒரே தொழிற்சாலையில் செய்யப்படுவனவே, ஆகவே மலிவானதே போதும் என்பது மற்றொன்று. இரண்டிலும் பாதி உண்மை உண்டு. எந்த இடத்தில் எது பொருந்தும் என்பதை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

1. பெயருக்குப் பின்னால் இருப்பவர்

பெட்டியின் மேலுள்ள பெயரும் உள்ளிருக்கும் பொருளைச் செய்தவரும் எப்போதும் ஒருவரல்லர். கணினியின் தற்காலிக நினைவகமாகிய ராம், பல பெயர்களில் விற்பனையாகிறது. ஆயினும் அதிலுள்ள சில்லுகளில் பெரும்பகுதியைச் சம்சுங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று நிறுவனங்களே உற்பத்தி செய்கின்றன. சுழலும் வன்தட்டுகளை இன்று சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்கள் மட்டுமே செய்கின்றன. கிராபிக்ஸ் கார்டுகளில் என்விடியா, ஏஎம்டி, இன்டெல் ஆகியவற்றின் சில்லுகளைப் பெற்று, வேறு நிறுவனங்கள் பலகையையும் குளிரூட்டும் விசிறியையும் சேர்த்துத் தம் பெயரில் விற்கின்றன.

அவ்வாறாயின் பெயருக்குப் பொருளே இல்லையா? உண்டு. சில்லு ஒன்றாயினும், அதைச் சோதித்துத் தெரிவு செய்யும் முறையும், சுற்றியுள்ள பாகங்களின் தரமும், பழுது ஏற்பட்டால் மாற்றித் தரும் ஒழுங்கும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுகின்றன. கூடுதல் விலையில் ஒரு பங்கு இவற்றுக்காகச் செலுத்தப்படுகிறது. எஞ்சிய பங்கு வண்ண விளக்குகளுக்கும் விளம்பரத்துக்கும் உரியதாக இருக்கலாம். இவ்விரண்டையும் பிரித்தறிவதே வாங்குவோரின் வேலை.

2. நம்பகத்தன்மை பெயருக்கு உரியதன்று, மாதிரிக்கு உரியது

ஒரே நிறுவனத்தின் ஒரு மாதிரி சிறந்ததாகவும் இன்னொரு மாதிரி மோசமானதாகவும் அமைவதுண்டு. ஐபிஎம் நிறுவனத்தின் வன்தட்டுகள் ஒரு காலத்தில் உயர்வாக மதிக்கப்பட்டன. ஆனால் 2000ஆம் ஆண்டில் வெளிவந்த டெஸ்க்ஸ்டார் 75ஜிஎக்ஸ்பி என்னும் மாதிரி பெருமளவில் பழுதடைந்து, அமெரிக்காவில் வழக்குக்கும் காரணமாயிற்று. அண்மைக் காலத்தில், இன்டெல் நிறுவனத்தின் 13ஆம், 14ஆம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகள் சில நிலையற்றுப் போயின. 2024ஆம் ஆண்டில் அந்நிறுவனம் குறைபாட்டை ஏற்று, திருத்த மென்பொருளை வெளியிட்டதுடன், பாதிக்கப்படக்கூடிய செயலிகளுக்கான உத்தரவாதத்தை மேலும் 2 ஆண்டுகள் நீடித்தது.

இவற்றிலிருந்து இரண்டு செய்திகள் பெறப்படுகின்றன. பெரிய பெயரும் தவறக்கூடும் என்பது முதலாவது. தவறியபின் அந்நிறுவனம் என்ன செய்கிறது என்பதும் நம்பகத்தன்மையின் ஓர் அங்கமே என்பது இரண்டாவது. ஆகவே மதிப்புரைகளைப் படிக்கும்போது நிறுவனத்தின் பெயரை மட்டுமன்றி, மாதிரி இலக்கத்தை முழுமையாக எழுதித் தேடுதல் வேண்டும்.

பேக்பிளேஸ் என்னும் அமெரிக்கத் தரவுச் சேமிப்பு நிறுவனம், தான் பயன்படுத்தும் வன்தட்டுகளின் பழுதுக் கணக்கை 2013ஆம் ஆண்டு முதல் வெளியிட்டு வருகிறது. அதன்படி ஆண்டுப் பழுது விகிதம் 2021இல் 1.01 சதவீதமாகவும், 2023இல் 1.70 சதவீதமாகவும் இருந்தது. அதாவது நூறு தட்டுகளில் ஏறத்தாழ ஒன்றோ இரண்டோ ஓராண்டில் பழுதடைந்தன. மாதிரிகளுக்கிடையே வேறுபாடு இதனிலும் பெரிது. வீட்டுக் கணினியின் சூழல் தரவு மையத்தின் சூழலன்று. எனினும் ஓர் உண்மை இரண்டுக்கும் பொது: மிகச் சிறந்த தட்டும் ஒருநாள் பழுதடையலாம். எவ்வளவு விலை கொடுத்தாலும் அது காப்புப்பிரதிக்கு ஈடாகாது.

3. பெட்டியிலுள்ள எண்கள் கூறுவது என்ன?

சராசரிப் பழுது இடைவெளி: எம்டிபிஎஃப் எனக் குறிக்கப்படும் இவ்வெண் 15 இலட்சம் மணித்தியாலங்கள் என்றிருக்கலாம். ஓராண்டின் 8,760 மணித்தியாலங்களால் வகுத்தால் 171 ஆண்டுகள் வரும். ஒரு தட்டு அவ்வளவு காலம் உழைக்கும் என்பது இதன் பொருளன்று. ஆயிரம் தட்டுகள் ஓராண்டு இடைவிடாது இயங்கினால் ஏறத்தாழ ஆறு பழுதடையலாம் என்பதே பொருள்.

எழுதும் கொள்ளளவு: எஸ்எஸ்டி எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகத்தில் டிபிடபிள்யூ என்னும் அளவு காணப்படும். 600 டிபிடபிள்யூ என்றால், 600 டெராபைட் தரவு எழுதும்வரை உத்தரவாதம் செல்லும். ஒரு வீட்டில் நாளொன்றுக்கு 20 ஜிகாபைட் எழுதப்பட்டாலும் ஆண்டுக்கு 7.3 டெராபைட் மட்டுமே ஆகும். ஐந்தாண்டு உத்தரவாதக் காலத்தில் 36.5 டெராபைட்டைத் தாண்டாது. ஆகவே இவ்வெண்ணைக் கூட்டுவதற்காகக் கூடுதல் பணம் செலுத்தும் தேவை சாதாரணக் குடும்பத்துக்கு இல்லை.

80 பிளஸ்: மின்வழங்கியின் மேல் காணப்படும் வெண்கலம், தங்கம் முதலிய முத்திரைகள் மின்சாரத்தை வீணாக்காமல் மாற்றும் திறனைக் குறிப்பன. அவை நீடித்த உழைப்புக்கான சான்றுகளல்ல. மின்வழங்கியின் உழைப்பை மதிப்பிட, உத்தரவாதக் காலமும் சுயாதீனச் சோதனை அறிக்கைகளுமே உதவும்.

4. எங்கே செலவிடுவது, எங்கே சேமிப்பது?

எல்லாப் பாகங்களிலும் ஒரே அளவு கவனம் செலுத்த வேண்டியதில்லை. அப்பாகம் பழுதடைந்தால் வேறு எவற்றை இழக்க நேரிடும் என்னும் கேள்வியே வழிகாட்டியாகும்.

மின்வழங்கி: இங்கே மலிவைத் தேடுதல் ஆகாது. தரமற்ற மின்வழங்கி பழுதடையும்போது தாய்ப்பலகையையும் சேமிப்பகத்தையும் உடன் கெடுக்கக்கூடும். நல்ல மாதிரிகளுக்கு 7 முதல் 10 ஆண்டுகள் வரை உத்தரவாதம் உண்டு. அடுத்த கணினிக்கும் அதனையே பயன்படுத்தலாம். கழற்றக்கூடிய மின்கம்பிகளை ஒரு மின்வழங்கியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிப் பொருத்துதல் கூடாது. முனை பொருந்தினாலும் உள்ளிணைப்பு வேறாக இருந்து பாகங்களை எரித்துவிடலாம்.

சேமிப்பகம்: அறியப்பட்ட உற்பத்தியாளரின் நடுத்தர மாதிரி போதும். மிகக் குறைந்த விலையில் மிகப் பெரிய கொள்ளளவு எனக் கூறப்படும் பெயரறியாப் பொருள்களைத் தவிர்த்தல் வேண்டும். அவற்றுட் சில பொய்யான கொள்ளளவைக் காட்டுபவை. எழுதிய கோப்புகள் மறைந்துவிடும்.

தாய்ப்பலகை: பழுதடைந்தால் கணினி முழுவதையும் பிரிக்க நேரிடும். ஆகவே மிக மலிவானதும் வேண்டாம், விளையாட்டுப் பிரியர்களுக்கான உயர்விலை மாதிரியும் வேண்டாம்.

ராம்: பல நிறுவனங்கள் வாழ்நாள் உத்தரவாதம் தருகின்றன. ஆகவே ஒத்த வேகமும் கொள்ளளவும் உடையவற்றுள் விலை குறைந்ததைத் துணிந்து வாங்கலாம். இரண்டு துண்டுகள் தேவையாயின் ஒரே பொதியில் உள்ள இணையாக வாங்குதல் நன்று.

செயலி: முன் கூறப்பட்டது போன்ற விதிவிலக்குகள் இருப்பினும், செயலிகள் பழுதடைவது அரிது. முந்தைய தலைமுறைச் செயலி பாடசாலை வேலைகளுக்குத் தாராளமாகப் போதும். பணத்தை மீதப்படுத்த இது நல்ல இடம்.

பெட்டி, விசைப்பலகை, சுட்டி: இவற்றின் பழுது வேறெதனையும் பாதிக்காது. விலையையே முதன்மையாகக் கொள்ளலாம்.

5. ஆண்டுக் கணக்கில் விலையைப் பார்த்தல்

கற்பனையான ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஒரு மின்வழங்கி 60 டொலர், உத்தரவாதம் 2 ஆண்டுகள். மற்றொன்று 140 டொலர், உத்தரவாதம் 10 ஆண்டுகள். முதலாவதற்கு உத்தரவாத ஆண்டொன்றுக்கு 30 டொலர் ஆகிறது. இரண்டாவதற்கு 14 டொலர் மட்டுமே. கடையில் மலிவாகத் தோன்றியது கணக்கில் இருமடங்கு விலையுள்ளதாகிறது.

இக்கணக்கை எல்லாவற்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு பொருத்துதல் தவறு. மூன்றாண்டுகளில் எப்படியும் மாற்றப்படவுள்ள பாகத்துக்குப் பத்தாண்டு உத்தரவாதம் பயனற்றது. உத்தரவாதக் கோரிக்கையை அவுஸ்திரேலியாவிலேயே செய்யலாமா, பொருளை வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டுமா, அஞ்சற் செலவு யாருடையது ஆகியவற்றையும் கேட்டறிதல் வேண்டும். கோரிக்கை செய்ய இயலாத உத்தரவாதம் வெறும் காகிதமே.

6. சட்டம் தரும் பாதுகாப்பு

அவுஸ்திரேலிய நுகர்வோர் சட்டம் 2011ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் திகதி முதல் நடைமுறையில் உள்ளது. பொருள் ஏற்கத்தக்க தரமுடையதாக இருத்தல் வேண்டும் என்பது அதன் நுகர்வோர் காப்புறுதிகளுள் ஒன்று. இக்காப்புறுதி, உற்பத்தியாளர் தாமாக வழங்கும் உத்தரவாதத்துக்கு மேலதிகமானது. ஓராண்டு உத்தரவாதம் முடிந்த மறுநாளே உரிமை முடிந்துவிடுவதில்லை. அத்தகைய பொருள் நியாயமாக எவ்வளவு காலம் உழைக்க வேண்டும் என்பதே அளவுகோலாகும்.

அவ்வாறு அளக்கும்போது பொருளின் தன்மையும், விற்பனையாளர் கூறியவையும், விலையும் கருத்திற் கொள்ளப்படுகின்றன. கூடுதல் விலை கொடுத்து வாங்கிய பொருளிடம் சட்டமும் கூடுதலாக எதிர்பார்க்கிறது. ஆகவே விலைக்கும் நம்பகத்தன்மைக்கும் உள்ள தொடர்பு சந்தையில் மட்டுமன்றிச் சட்டத்திலும் உண்டு.

பெரும் குறைபாடாயின், பணத்தை மீளப் பெறுவதா, மாற்றுப் பொருளைப் பெறுவதா என்பதைத் தெரிவு செய்யும் உரிமை வாங்கியவருடையது. சிறு குறைபாடாயின், நியாயமான காலத்துக்குள் திருத்தித் தர விற்பனையாளர் தீர்மானிக்கலாம். “உற்பத்தியாளரிடம் போய்க் கேளுங்கள்” என்று கூறி விற்பனையாளர் கைகழுவ முடியாது. மூலப் பெட்டி இல்லை என்பதற்காகவும் மறுக்க முடியாது. மனம் மாறியதற்காகத் திருப்பிக் கொடுப்பது மட்டும் சட்டப்படியான உரிமையன்று. அது கடையின் விருப்பத்தைப் பொறுத்தது.

வெளிநாட்டு நிறுவனங்களும் இங்குள்ள நுகர்வோருக்கு விற்கும்போது இச்சட்டத்துக்குக் கட்டுப்பட்டவையே. அமெரிக்காவின் வால்வ் என்னும் இணைய விளையாட்டு நிறுவனத்துக்குக் கூட்டாட்சி நீதிமன்றம் 2016இல் 30 இலட்சம் டொலர் தண்டம் விதித்தது இதற்குச் சான்று. ஆயினும் தனியொரு குடும்பம் கடல் கடந்த சிறு விற்பனையாளரிடம் உரிமையை நிலைநாட்டுதல் எளிதன்று. ஆகவே, விலை வேறுபாடு சிறிதாயின் உள்ளூர்க் கடையே மேல். தனியாள் ஒருவர் தம் பழைய பொருளை விற்கும்போது தரம் பற்றிய காப்புறுதி பொருந்தாது என்பதையும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

7. வாங்கிய பின் செய்ய வேண்டியவை

• பற்றுச்சீட்டைப் படமெடுத்து மின்னஞ்சலில் சேமித்தல். வெப்பத்தால் அச்சிடப்படும் சீட்டுகளின் எழுத்து விரைவில் மங்கிவிடும். சீட்டு தொலைந்தால் வங்கி அறிக்கையும் சான்றாகும்.
• முதல் வாரத்திலேயே சோதித்தல். ராமுக்கு மெம்டெஸ்ட்86, சேமிப்பகத்தின் உண்மைக் கொள்ளளவுக்கு எச்2டெஸ்ட்டபிள்யூ ஆகிய இலவச மென்பொருள்கள் உள்ளன.
• முக்கியமான கோப்புகளுக்கு மூன்று பிரதிகள் வைத்தல். அவற்றுள் ஒன்றையேனும் வீட்டுக்கு வெளியே பாதுகாத்தல்.
• திருத்தக் கொடுக்குமுன் தரவைப் பிரதி எடுத்தல். திருத்தத்தின்போது அது அழியக்கூடும்.
• பழைய பாகங்களைக் குப்பைத்தொட்டியில் போடாமல், தேசியத் தொலைக்காட்சி மற்றும் கணினி மீள்சுழற்சித் திட்டத்தின் சேகரிப்பு நிலையங்களில் இலவசமாக ஒப்படைத்தல். அதற்கு முன் சேமிப்பகத்திலுள்ள தனிப்பட்ட தகவல்களை அழித்தல்.

8. கடைக்குச் செல்லுமுன் விடை எழுத வேண்டிய ஐந்து வினாக்கள்

1. இப்பாகம் பழுதடைந்தால் வேறு எவை பாதிக்கப்படும்?
2. முழுமையான மாதிரி இலக்கம் என்ன? அதைப் பற்றிய முறைப்பாடுகள் ஒரே வகையினவா?
3. உத்தரவாத ஆண்டொன்றுக்கு விலை எவ்வளவு?
4. பழுதானால் பொருளை எங்கே, யாரிடம் கொடுக்க வேண்டும்?
5. கூடுதல் விலை எதற்காக? உழைப்புக்கா, தோற்றத்துக்கா?

உதவி பெறும் வழி

பிரச்சினை எழுந்தால் முதலில் கடைக்காரரிடம் எழுத்து மூலம் முறையிடுதல் வேண்டும். பொருளின் பெயர், வாங்கிய திகதி, குறைபாடு, எதிர்பார்க்கும் தீர்வு ஆகியவற்றைச் சுருக்கமாகக் குறிப்பிடலாம். தீர்வு கிடைக்காவிடில் நியூ சவுத் வேல்ஸ் குடியிருப்பாளர்கள் ஃபெயார் ட்ரேடிங் அலுவலகத்தை 13 32 20 என்னும் இலக்கத்தில் நாடலாம். அங்கும் இணக்கம் ஏற்படாவிடில் மாநிலத்தின் குடியியல் மற்றும் நிருவாகத் தீர்ப்பாயத்தில் விண்ணப்பிக்கலாம். ஆங்கிலத்தில் பேசத் தயங்குவோர் 131 450 என்னும் இலக்கத்தில் மொழிபெயர்ப்பு மற்றும் உரைபெயர்ப்புச் சேவையை அழைத்து, தமிழ் உரைபெயர்ப்பாளர் வேண்டும் எனக் கூறி, மேற்படி அலுவலகத்துடன் இணைக்குமாறு கேட்கலாம்.