பகல்நேர மனநலச் சிகிச்சைக்குக் காப்பீடு கிடைக்குமா?

கேள்வி: என் மகளுக்குக் கடுமையான மனச்சோர்வு. மருத்துவமனையில் தங்க வேண்டாம், வாரத்தில் நான்கு நாள் பகலில் வந்து சிகிச்சை பெற்றால் போதும் என்கிறார் மருத்துவர். எங்கள் மெடிக்ளெய்ம் இந்தச் செலவைத் தருமா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: உடல்நோய்க்கு எந்த அடிப்படையில் காப்பீடு தரப்படுகிறதோ, அதே அடிப்படையில் மனநோய்க்கும் தர வேண்டும் என்கிறது மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017. ஆகவே, 'மனநோய் என்பதால் கிடையாது' என்று நிறுவனம் கைவிரிக்க முடியாது.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பெரும்பாலான பாலிசிகள், 24 மணி நேரமாவது உள்நோயாளியாக இருந்தால்தான் பணம் தரும். உங்கள் மகள் பெறப்போவது புறநோயாளிச் சிகிச்சை. எனவே, உங்கள் பாலிசியில் 'ஓபிடி' பலன் உண்டா, ஆண்டுக்கு எவ்வளவு, மனநல ஆலோசனையும் அதில் அடங்குமா என்று முதலில் பாருங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலத்தையும் கவனியுங்கள். உள்நோயாளியாக இருந்து வீடு திரும்பியவர் என்றால், அதன்பின் குறிப்பிட்ட நாள்கள்வரை ஆகும் மருந்து, ஆலோசனைச் செலவைப் பல பாலிசிகள் தருகின்றன.

நிறுவனத்திடம் பதிலை எழுத்தில் கேளுங்கள். மறுப்பு நியாயமற்றது என்றால் முதலில் அவர்களின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் தீர்வு இல்லையென்றால் சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேனிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

காப்பீடு கைகொடுக்காவிட்டாலும் சிகிச்சையை நிறுத்திவிடாதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் இலவசமாகவே மருத்துவரைப் பார்க்கலாம்.