விதையில் இல்லாத போதை

கேள்வி: உத்தராகண்ட் போய்வந்த நண்பர், கஞ்சா விதையில் சட்னி சாப்பிட்டதாகச் சொல்கிறார். நிஜமா? அங்கே அந்தச் செடியைப் பயிரிடலாமா?
- வாசகர், கம்பம்

பதில்: நிஜம்தான். குமாவுன், கட்வால் மலைக்காரர்கள் விதையை வறுத்து, மிளகாய், உப்பு, எலுமிச்சைச் சாறு சேர்த்து அரைப்பார்கள். விதை போதை தராது. தண்டை உரித்தால் நார். அதில் கயிறு திரிப்பதும் உண்டு.

1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டப்படி கஞ்சா என்பது பூக்கும் நுனி. நாருக்கும் விதைக்கும் மட்டும் பயிரிட அரசு அனுமதி தரலாம். 2018-ல் உத்தராகண்ட் அப்படி உரிமம் வழங்கியது. போதை தரும் டி.ஹெச்.சி. 0.3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது நிபந்தனை.

சிக்கலே அங்குதான். இதில் பெரும்பாலும் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. மகரந்தம் காற்றில் பறந்து, அடுத்த சரிவில் தானாக முளைத்த செடியிலிருந்தும் வந்து சேரும். அதனால் ஒரே தாய்ச்செடியின் விதைகள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. தலைமுறை தலைமுறையாக வந்த நாட்டு ரகம் மலையின் குளிருக்குப் பழகியிருக்கும். சட்டத்தின் அளவுக்குள் அடங்குமா என்பதை ஆய்வகம்தான் சொல்ல வேண்டும்.

கம்பத்தில் முயன்று பார்க்க வேண்டாம். உரிமம் இல்லாமல் வளர்த்தால் சிறைதான். கொல்லை சும்மா கிடக்கிறதென்றால் நாட்டுக் கத்தரி போடுங்கள்!