தொடக்கப்பள்ளியின் அன்றாடமும் விழாக்களும்: வேடசந்தூருக்கு வரும் இளம் ஆசிரியருக்கு ஒரு கடிதம்

வேடசந்தூர் வட்டாரத்தில் தொடக்கப்பள்ளியின் நாள் மணி அடிப்பதற்கு முன்பே தொடங்கிவிடும். திண்டுக்கல்–கரூர் சாலையை ஒட்டிய நூற்பாலைகளின் வேன்கள் விடிவதற்குள் ஊர் ஊராக நின்று ஆள் ஏற்றிக்கொண்டு போய்விடும். அம்மா முதல் ஷிப்டுக்குப் போன வீட்டில், நான்காம் வகுப்பு அக்கா ஒன்றாம் வகுப்புத் தம்பிக்குச் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டு, இரண்டு பைகளையும் தானே தூக்கிக்கொண்டு எட்டு மணிக்கெல்லாம் பள்ளி வாசலில் நிற்பாள். ஆலை வேலைக்குப் போகாத வீடுகளில் புகையிலை, நிலக்கடலை, முருங்கை. 1948 முதல் புகையிலை ஆராய்ச்சி நிலையம் இயங்கிவரும் ஊர் இது. அறுவடை நாட்களில் அந்த வீடுகளிலும் காலையில் பெரியவர்கள் இருக்க மாட்டார்கள். இங்கே முதல் பணியாக வரும் இடைநிலை ஆசிரியர், பாடநூலைப் புரட்டுவதற்கு முன்னால் இந்தக் காலை நேரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். பள்ளியின் அன்றாட வேலைகளை மட்டுமல்ல, விழாக்களை எப்போது, எப்படி நடத்துவது என்பதையும் தீர்மானிப்பது இதுதான்.

முதல் வேலை சாப்பாடு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலத்தின் அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்துக்கும் வந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கொன்றாக மாறும்; கூடவே காய்கறி சாம்பார். சமைப்பவர்கள் ஊரில் உள்ள மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள். அவர்களுடைய பிள்ளைகளும் அதே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்பதால் உப்பும் காரமும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். மதிய உணவுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1956இல் காமராஜர் ஆட்சியில் தொடங்கிய மதிய உணவு, 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டமாக வளர்ந்தது. பின்னர் முட்டையும் சேர்ந்தது. ஆசிரியர் இதைச் சமையலறைக்காரர்களின் வேலை என்று விட்டுவிடக் கூடாது. பந்தி நடக்கும் இடத்தில் நின்றால், வகுப்பறையில் ஒரு மாதத்தில் தெரியாதது ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். யார் அள்ளி அள்ளிச் சாப்பிடுகிறார்கள், யார் தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், யார் பக்கத்தில் யார் உட்காரத் தயங்குகிறார்கள் என்பதெல்லாம் அங்கே கண்ணில் படும். கடைசியாகச் சொன்னதைக் கண்ட அன்றே சரிசெய்ய வேண்டும். தெருவில் உள்ள பிரிவினை பந்திக்குள் வந்துவிட்டால், பிறகு எந்தப் பாடத்தாலும் அதை வெளியேற்ற முடியாது. தட்டு எடுத்துக் கொடுப்பதும் தண்ணீர் ஊற்றுவதும் எல்லாப் பிள்ளைகளுக்கும் முறை வைத்து வர வேண்டும். ஆசிரியரும் அவர்களோடு உட்கார்ந்து அதையே சாப்பிட வேண்டும்.

அடுத்தது காலை வழிபாட்டுக் கூட்டம். 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்ட தமிழ்த்தாய் வாழ்த்து, ஒரு குறள், உறுதிமொழி, செய்தி வாசிப்பு, நாட்டுப்பண் என்று கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். பல பள்ளிகளில் இது நன்றாகப் படிக்கும் இரண்டு மூன்று பிள்ளைகளின் உரிமையாகவே ஆண்டு முழுக்க நடக்கிறது. புதிய ஆசிரியர் மாற்ற வேண்டிய முதல் வழக்கம் இது. பெயர்ப் பட்டியல்படி ஒன்றாம் வகுப்பு உட்பட எல்லாரும் முன்னால் வந்து நிற்க வேண்டும். செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்து, அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வாசிக்கும் இரண்டாம் வகுப்புப் பிள்ளையிடம் தாளை வாங்கிவிட்டு, “நேத்து உங்க தெருவுல என்ன நடந்துச்சு?” என்று கேட்டால் போதும். மாடு கன்று போட்டது, குடகனாற்றில் தண்ணீர் வந்தது, மாமாவுக்கு ஆலையில் வேலை கிடைத்தது என்று வாய் திறக்கும். ஆண்டு விழா மேடைக்கான ஒத்திகை இந்தக் கால் மணி நேரந்தான். வேறு தனி ஒத்திகை பெரிதாகத் தேவைப்படாது.

வகுப்பறைக்குள் வந்தால் முதலில் கண்ணில் படுவது ஆள் பற்றாக்குறை. கல்வி உரிமைச் சட்டம் 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு 2 ஆசிரியர்கள் என்கிறது. ஆகவே சிறிய பள்ளிகளில் ஐந்து வகுப்புகளை இருவர் பார்த்துக்கொள்வார்கள். இதைக் குறையாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பிறகு மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றல், பல வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் வட்டமாக உட்கார்ந்து அவரவர் படியில் கற்கும் பழக்கத்தைக் கொண்டுவந்தது. சுவரில் பிள்ளைகளின் உயரத்துக்குப் பூசிய கரும்பலகைகள் அந்தக் காலத்தின் மிச்சம்; அவற்றில் இன்றும் எழுதவிட வேண்டும். 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, பாட்டு, கதை, பொம்மலாட்டம் வழியாகப் பாடத்தை நடத்தச் சொல்கிறது. இந்தப் பிரிவு பிள்ளையின் பெயரோடு ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது ஆசிரியரின் பொறுப்பு. “அவன் அரும்பு சார்” என்று இன்னொரு பிள்ளை சொல்லத் தொடங்கினால், அந்தச் சொல் பழைய “மக்கு”வின் இடத்துக்கு வந்துவிட்டது என்று பொருள்.

மொழி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தச் சமவெளியில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் குடும்பங்கள் பல தலைமுறைகளாக உண்டு. ஆலைகளுக்கு வேலை தேடி வந்த வடமாநிலக் குடும்பங்களின் பிள்ளைகளும் இப்போது வருகைப் பதிவேட்டில் இருக்கிறார்கள். தமிழ் தெரியாத பிள்ளைக்கு முதல் மூன்று மாதம் பாட்டும் விளையாட்டும்தான் பாடநூல். பாண்டி ஆடும்போது கட்டங்களை எண்ணத் தெரிந்துவிடும். கண்ணாமூச்சியில் கூட்டாளிகளின் பெயர்கள் வந்துவிடும். அரசின் வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாக அமைந்தவை. அவற்றை அலமாரியில் பூட்டி வைக்காமல் ஒரு கயிற்றில் தொங்கவிட்டால் மதிய இடைவேளையில் தானாக எடுப்பார்கள். கிழியும். கிழிந்ததை ஒட்டிக்கொள்ளலாம்.

விழாக்கள் ஜூலையில் தொடங்குகின்றன. காமராஜர் பிறந்த ஜூலை 15 கல்வி வளர்ச்சி நாளாக 2006 முதல் கொண்டாடப்படுகிறது. வெள்ளைச் சட்டையும் தோளில் துண்டுமாக ஒரு பையனை நிறுத்திப் படம் எடுப்பதோடு பல இடங்களில் அது முடிந்துவிடுகிறது. பள்ளிக்கூடம் பார்க்காத பாட்டி ஒருவரை அழைத்து, ஏன் படிக்க முடியவில்லை என்று பிள்ளைகளையே கேட்கச் சொன்னால், அந்த நாளின் பொருள் மாறு வேடம் இல்லாமலே விளங்கிவிடும். சுதந்திர தினத்துக்குச் சொல்ல வேண்டியது ஒரு சிறு வேலைதான்: கொடிக்குள் பூ வைத்து மடித்து, ஒரே இழுப்பில் அவிழும்படி முடிச்சுப் போட்டு, முந்தின நாள் மாலையே ஒருமுறை ஏற்றிப் பார்த்துவிட வேண்டும். மறுநாள் ஊரே நிற்கும்போது கொடி சிக்கிக்கொண்டால் எல்லாருக்கும் முகம் வாடிவிடும். ஆசிரியர் தினமும் குழந்தைகள் தினமும் எளிமையாகவே நடக்கட்டும். பரிசு வாங்கித் தரச் சொல்லிப் பிள்ளை வீட்டில் அழும் நிலை வந்துவிடக் கூடாது. பிறந்தநாளுக்கு மிட்டாய் கொடுக்கும் வழக்கத்திலும் இந்தக் கவனம் வேண்டும். மாதத்துக்கு ஒருநாள், அந்த மாதம் பிறந்த எல்லாருக்கும் சேர்த்து வாழ்த்துச் சொன்னால் மிட்டாய் வாங்க முடியாத பிள்ளை ஒதுங்கி நிற்க நேராது. மே மாதம் பிறந்தவர்களை ஏப்ரலில் சேர்த்துக்கொள்ளலாம்.

பொங்கல் விழாவை விடுமுறைக்கு முந்தின வேலைநாளில் வைப்பார்கள். பள்ளி விழாக்களிலேயே மிக இயல்பானது இதுதான், ஏனென்றால் இதில் பிள்ளைகளும் அம்மாக்களும்தான் விவரம் தெரிந்தவர்கள்; ஆசிரியர் கற்றுக்கொள்ளும் இடத்தில் இருக்கிறார். கல் கூட்டி அடுப்பு வைப்பதும், காற்று வரும் பக்கம் பார்த்து விறகு தள்ளுவதும், பால் பொங்கும்போது எந்தத் திசையில் வழிகிறது என்று பார்ப்பதும் அவர்களுக்குத் தெரியும். ஒரு பானை, ஒரு அடுப்பு, எல்லார் வீட்டிலிருந்தும் ஒரு கைப்பிடி அரிசி. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவப் பிள்ளைகள் எல்லாரும் கோலப்பொடி அப்பிய கையோடு அந்த அடுப்பைச் சுற்றி நிற்பார்கள். ஐந்தாம் வகுப்புக்கு அன்றைய கணக்குப் பாடம் தனியாக வேண்டாம்: அரிசிக்கு எவ்வளவு வெல்லம், எத்தனை பேருக்கு எத்தனை கரண்டி என்று அவர்களே கணக்குப் போடட்டும்.

ஊர் மாரியம்மனுக்குச் சாமி சாட்டிவிட்டால் வருகை குறையும். முளைப்பாரியும் மாவிளக்கும் எடுக்கும் நாட்களில் வராத பிள்ளையைக் கடிந்துகொள்வதில் பயனில்லை. வந்த பிறகு, முளைப்பாரிக்கு என்னென்ன விதை போட்டார்கள், எத்தனை நாளில் முளைத்தது என்று எழுதச் சொன்னால், அது மற்ற நாட்களில் எழுதும் கட்டுரையைவிட நன்றாக இருக்கும்.

ஆண்டு விழாதான் சிக்கலானது. 2024–25 கல்வியாண்டில் அரசுப் பள்ளிகள் எல்லாவற்றிலும் ஆண்டு விழா நடத்த அரசு நிதி ஒதுக்கியது. அதே ஆண்டில் கலைத் திருவிழா தொடக்க வகுப்புகளுக்கும் வந்தது. இரண்டுமே வரவேற்க வேண்டியவை. ஆனால் நடக்கும் விதத்தில் ஒரு கோளாறு இருக்கிறது. விழாவுக்கு ஒரு மாதம் முன்னதாகப் பாடம் நின்றுபோகும். நிறமும் துடிப்பும் பார்த்து எட்டுப் பேரைப் பொறுக்கி, திண்டுக்கல்லில் வாடகைக்கு உடை எடுத்து, சினிமாப் பாட்டுக்கு ஆட வைப்பார்கள். மற்றவர்கள் கீழே உட்கார்ந்து கை தட்ட வேண்டும். ஒன்று முதல் ஐந்து வரையான வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலைநாள், 800 மணி நேரக் கற்பித்தல் என்று கல்வி உரிமைச் சட்டம் வரையறுத்திருக்கிறது; ஒரு மாத ஒத்திகை அதில் பெரிய துண்டைத் தின்றுவிடும். ஒரு பிள்ளையாவது மேடை ஏறாமல் வீட்டுக்குப் போனால், தொடக்கப்பள்ளியின் ஆண்டு விழா தோற்றுவிட்டது என்றே கொள்ள வேண்டும்.

மாற்று வழி கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. ஆண்டு முழுக்க வகுப்பில் பாடிய பாட்டு, நடித்த கதை, செய்த பொம்மை ஆகியவற்றையே மேடைக்குக் கொண்டுவரலாம். கும்மி அடிக்கத் தெரிந்த பாட்டிகள் தெருவுக்கு இருவராவது இருப்பார்கள். தேவராட்டம் ஆடும் குடும்பங்களும் இப்பக்கத்து ஊர்களில் உண்டு. அவர்களை வாரம் ஒருநாள் விளையாட்டு நேரத்தில் பள்ளிக்கு வரவழைத்தால் வாடகை உடையும் ஒலிப்பேழையும் தேவைப்படாது. இந்த எண்ணம் இந்த மாவட்டத்துக்குப் புதிதும் அல்ல. திண்டுக்கல்லை அடுத்த காந்திகிராமத்தில் 1947இல் டி.எஸ். சௌந்தரமும் கோ. இராமச்சந்திரனும் தொடங்கிய பணியின் அடிப்படையே, கைவேலையும் பாட்டும் கூட்டு வாழ்வும் பாடத்தின் பகுதிகள் என்னும் ஆதாரக் கல்விதான்.

விழா நேரத்தைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் அம்மாக்களைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும். அந்தக் குழுவின் தலைவரே ஒரு தாய்தான். எந்தக் கிழமை ஆலைக்கு விடுமுறை, எந்த ஷிப்டு எத்தனை மணிக்கு முடிகிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். கழுத்தில் ஆலை அடையாள அட்டையோடு நேராக வேனிலிருந்து இறங்கி ஓடிவரும் அம்மா, தன் பிள்ளை ஆடி முடித்துவிட்டதைக் கேட்டு வாசலிலேயே நின்றுவிடும்படி நேரம் வைக்கக் கூடாது. சிறப்பு விருந்தினர் பேச்சு அரை மணிக்குள் அடங்க வேண்டும். பொன்னாடைக்குச் செலவாகும் பணத்தில் கதைப் புத்தகம் வாங்கலாம்.

ஊரார் பள்ளிக்குக் கொடுப்பதற்கும் இந்த மேடை பழைய இடம். 1950களின் இறுதியில் நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் பெஞ்சும் மணியும் கடிகாரமும் நிலமும் ஊர்மக்கள் கையிலிருந்து வந்தன. 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ திட்டமும் அதே வழியில் வந்தது. ஆலைக்காரர் கொடுக்கும் தண்ணீர்த் தொட்டியையும் கூலி வேலை செய்யும் முன்னாள் மாணவர் கொடுக்கும் இரண்டு மின்விசிறிகளையும் ஒரே பதிவேட்டில், ஒரே அளவு எழுத்தில் எழுத வேண்டும். மேடையில் வாசிக்கும்போதும் அப்படியே.

ஏப்ரலில் ஐந்தாம் வகுப்பு கிளம்பும். பிரிவு விழா, குழுப் படம், மாற்றுச் சான்றிதழ் எல்லாம் முடிந்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஆலையை நம்பிய குடும்பங்கள் மே மாதத்தில் ஊர் மாறும். ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் பிள்ளை விடுபட்டுப்போவது, குறிப்பாகப் பெண் பிள்ளை தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றுவிடுவது, அந்த இடைவெளியில்தான். ஆகவே ஜூன் முதல் வாரத்தில், தன் பள்ளியிலிருந்து போன ஒவ்வொரு பெயரையும் பக்கத்து நடுநிலைப் பள்ளியிலும் உயர்நிலைப் பள்ளியிலும் ஆசிரியர் நேரில் சரிபார்க்க வேண்டும். பதிவேட்டில் இல்லாத பெயருக்கு உரிய வீட்டுக்கு அன்று மாலையே போக வேண்டும்.