விளையாட்டினால் எழுத்தறிவு

தமிழ் நெடுங்கணக்கில் 247 எழுத்துக்கள் உள்ளன. அவற்றைக் கிரமமாக ஒப்பிக்கும் பாலன், தெருவிலுள்ள பெயர்ப்பலகையைக் காட்டினால் வாயடைத்து நிற்பதுண்டு. ஒப்பித்தல் ஞாபகசக்தியின் வேலை. வாசிப்பதற்கோ, சொல்லிலுள்ள ஒலிகளைக் காது பிரித்தறிதல் வேண்டும்; ஒவ்வோரொலிக்கும் உரிய வடிவத்தைக் கண் கண்டுகொள்ளுதல் வேண்டும்.

முதலில் காதுக்கே பழக்கம் தரவேண்டும். தாயார் நெல் புடைக்கும்போதே 'கல்' என்று சொல்ல, மூன்று நான்கு வயதுக் குழந்தை 'பல்', 'நெல்' என்று இணைச்சொல் தேடட்டும். கரண்டி, கதவு, கயிறு என ஓரெழுத்தில் தொடங்கும் பொருள்களை வீட்டில் தேடச் சொல்லலாம். எழுத்தறியாத தாயாரும் இதனைச் செய்யக்கூடுமாதலின், தமக்கொன்றும் தெரியாதென்று எவரும் ஒதுங்க வேண்டுவதில்லை.

அடுத்தது மணல். திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகினர். சென்னை எழும்பூரில் அனாதைச் சிறுவர் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் பாதிரியார் அம்முறையைக் கைக்கொண்டு, தம் அனுபவத்தை 1797-இல் நூலாக வெளியிட்டார். 1939-இல் சென்னைக்கு வந்த மாண்டிசோரி அம்மையாரின் முறையிலும், குழந்தை உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவியே வடிவமறிகின்றது. ஆகவே மணலைப் பழம்பொருளென்று இகழலாகாது.

அகரத்திலிருந்தே தொடங்க வேண்டுமென்னும் நிர்ப்பந்தமில்லை. ட, ப, ம ஆகிய மூன்றும் வரைதற்கு எளியவை. புள்ளியையும் சேர்த்துக்கொண்டால் படம், மடம், பட்டம், மட்டம் என்னும் சொற்கள் உடனே கிடைத்துவிடுகின்றன. பாண்டிக் கட்டங்களில் இவ்வெழுத்துக்களை எழுதி, ஒருவர் கூறும் சொல்லை மற்றவர் எழுத்தெழுத்தாகத் தாண்டி மிதிக்கும்படி செய்க.

'கெ', 'கொ' முதலியவற்றில்தான் பிள்ளைகள் பெரிதும் இடறுகின்றனர். காதுக்குக் ககரம் முன்னே கேட்க, கண்ணுக்குக் கொம்பு முன்னே தோன்றுகின்றது. இதற்குப் பிள்ளைகளையே எழுத்துக்களாக நிறுத்தலாம். 'க' எழுதிய அட்டையை ஒருவன் பிடித்து நிற்க, கொம்பை ஏந்தியவள் இடப்புறம் வந்தால் 'கெ'. துணைக்காலை ஏந்தியவன் வலப்புறமும் சேர்ந்தால் 'கொ'. கொம்பு விலகினால் 'கா'. இட வலம் என்பன பார்ப்போரின் கைப்பக்கமாதல் வேண்டும். இல்லையேல் எழுத்துப் புரண்டுவிடும். ஒவ்வொரு மாற்றத்தையும் பார்த்திருப்போர் உரக்கச் சொல்லுவர். பிழை சொன்னவனைக் குட்டும் வழக்கம் இங்கே புகலாகாது. குட்டுக்கு அஞ்சிய பிள்ளை ஊகித்துச் சொல்லத் துணியான். ஊகிக்காத பிள்ளைக்குப் புதுச்சொல் வாசிக்க வராது.

கால்மணி நேரத்துக்குமேல் ஆட்டம் நீள வேண்டாம். ஊக்கம் குறையுமுன்னரே அட்டைகளைக் கட்டி, மறுநாளைக்கென்று மாடத்தில் வைத்துவிடலாம்.